பெயரை மறைப்பவரும் பெயரைச் சொன்னவரும்

"தம்பி எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இணையத்தில் அந்தத் தொல்லை இல்லை, பொய்ப்பெயரில் நுழையலாம் என்கிறார்கள். நுழைந்து பாருங்கள். இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி' என்று ஒரு குரல் எழும்பும். முகம் தெரியாது, சாதி தெரிந்துவிடும். பெயரில்லாத கூட்டத்திலும் ஊரும் சேரியும் இருக்கத்தான் செய்கின்றன.

பெயரை என்ன செய்வது என்ற வாதம் நமக்குப் பழசு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன பெயரை நிமிர்ந்து சொன்னார். அயோத்திதாசர் இதை ஏற்கவில்லை. அது பகைவர் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பார்வை வேறு வேறு. ஆனால் இருவருமே ஒளிந்துகொண்டு பேசவில்லை.

2016 ஜனவரி 17இல் ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியை மறைத்தே வாழ்ந்துவந்த பத்திரிகையாளர் யாஷிகா தத், அதற்குப் பிறகு தான் தலித் என்று இணையத்தில் அறிவித்தார். மற்றவர்களின் சாட்சியங்களையும் திரட்டினார்.

எல்லோராலும் அப்படி முடியாது. வாடகை வீடு போகும், வேலை போகும். பிழைக்க மறைகிறவனும் கல்லெறிய மறைகிறவனும் ஒண்ணா? நம்ம பிள்ளையிடம் "பேரைச் சொல்லிட்டுப் பேசு" என்று அதட்டுகிறவர்கள், முதலில் கல்லெறிகிறவனிடம் போய்க் கேட்கட்டும்.