ஒரு நாள் என்றால் 24 மணி நேரமா?

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் எங்கள் வல்லத்திராக்கோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட 24 என்று சொல்லிவிடும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பதில் எல்லா நாளுக்கும் பொருந்தவில்லை!

ஆங்கிலேயர் காலத்தில் நம் ரயில்கள் ஓடியது 'மெட்ராஸ் நேர'த்தில். அது கிரீன்விச் நேரத்தை விட ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அது 5 மணி 30 நிமிடம். மெட்ராஸ் கடிகாரத்தை ஏறக்குறைய 9 நிமிடம் முன்னால் தள்ள வேண்டும். அப்படியானால் முதல் நாள் நண்பகலில் இருந்து அன்று நண்பகல் வரை காலண்டரில் ஒரு நாள். கழிந்த நேரமோ 24 மணிக்குக் குறைவு.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. மின்சாரத்தைச் சேமிக்க இலங்கை 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அந்த நாளுக்கு 23 மணி நேரம்தான். 2006 ஏப்ரல் 15 அன்று அரை மணி பின்னால் வைத்தார்கள். அந்த நாளுக்கு இருபத்து நாலரை மணி!

1996-ல் வெளிவந்த ஜாவா மொழியில் கால அளவுக்கென்று தனி வகுப்பு (கிளாஸ்) கிடையாது. இரண்டு தேதிகளை மில்லிசெகண்டாக்கிக் கழித்து, 8,64,00,000-ஆல் வகுத்து நாள் கணக்குப் பார்ப்பார்கள். அந்த 23 மணி நேரத்தை இப்படி முழு எண்ணாக வகுத்தால் விடை 0. ஒரு நாள் வட்டி காணாமல் போய்விடும்!

ஸ்டீபன் கோல்பர்ன் எழுதிய ஜோடா-டைம் என்ற நூலகம் இதற்கு வழி காட்டியது. அந்த அனுபவத்தோடு, 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-ல் இரண்டு வகுப்புகளைப் பிரித்து வைத்தார்கள். 'டியூரேஷன்' உண்மையில் கழிந்த நேரத்தை நொடி, நானோ நொடியாக வைத்திருக்கும். 'பீரியட்' காலண்டரில் எண்ணும் வருடம், மாதம், நாள். முன்னதில் அந்த இலங்கை நாள் 23 மணி நேரம்; பின்னதில் ஒரு நாள். இரண்டும் சரியே.

வணிகவியல் மாணவனாக எனக்குப் பிடித்தது இதுதான். வைப்புத்தொகை வட்டியைக் காலண்டர் நாளால் கணக்கிட வேண்டும். மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் வண்டி நிறுத்தக் கட்டணத்தைக் கழிந்த நேரத்தால் கணக்கிட வேண்டும். எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யாவிட்டால், கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் யாரோ ஒருவருக்கு நஷ்டம்தான்.