கடாரத்துச் சிம்மாசனம் யாருக்கு?



பரிசளிப்பு விழா மலரிலே சரித்திரக் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த கதை. சுங்கை பட்டாணியில் பஸ் ஏறி பீடோங், செமிலிங் வழியாக மெர்போக் போகிறவர்கள் ஜெராய் மலையைப் பார்க்காமல் போக முடியாது. ஏறத்தாழ 4,000 அடி உயரம். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போன நம் தாத்தா பாட்டிமார், அந்த மலையில் மேகம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அன்றைக்கு மரம் வெட்டலாமா, மழை கெடுத்துவிடுமா என்று கணக்குப் போட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னே கடல் கடந்து வந்த மாலுமியும் அதே மலையைக் கண்டுதான், “அப்பாடா, கரை வந்துவிட்டது” என்று மூச்சு விட்டான். அவன் வந்து சேர்ந்த துறைதான் கடாரம். அது இன்றைய நம்ம கெடா என்பதே பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்களின் முடிவு.

அந்தக் கடாரத்துச் சிம்மாசனத்துக்கு ஒரு காலத்தில் வழக்கு வந்தது. அதைத் தீர்த்தது கடல் தாண்டி வந்த ஒரு படை. அதைச் சொல்வதற்கு முன்னால், அதே சமயத்தில் உலகின் மறுகோடியில் நடந்த இன்னொரு கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு பங்காளிச் சண்டை

வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலீஷ் பள்ளியில் படித்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1066 என்ற வருஷத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வருஷம் ஜனவரி 5-ஆம் தேதி இங்கிலாந்து மன்னர் எட்வர்டு பிள்ளையில்லாமல் இறந்தார். மறுநாளே அவருடைய மைத்துனன் ஹெரால்டு முடி சூட்டிக்கொண்டான். கடலுக்கு அப்பால் பிரான்சு தேசத்தின் நார்மண்டியை ஆண்ட வில்லியம் சும்மா இருப்பானா? எட்வர்டின் தாய்வழியில் அவன் சொந்தம். “எனக்குத்தான் பட்டம் என்று எட்வர்டு வாக்குக் கொடுத்திருக்கிறார்” என்று கப்பல் கட்டத் தொடங்கினான். நார்வே மன்னனும் தனக்கும் பாத்தியதை உண்டு என்று கிளம்பினான்.

முதலில் வந்தவன் நார்வேக்காரன். செப்டம்பர் 25-இல் ஹெரால்டு வடக்கே அவனை வென்று கொன்றான். மூன்று நாள் கழித்து வில்லியம் தெற்கே கரையிறங்கிவிட்டான்! களைத்த படையோடு ஹெரால்டு ஓடோடி வந்தான். அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் மாண்டான். கிறிஸ்துமஸ் தினத்தில் வில்லியம் முடிசூடினான். யாருடைய பாத்தியதை நியாயமானது என்பதை எந்தப் பஞ்சாயத்தும் தீர்க்கவில்லை, வாள்தான் தீர்த்தது. வந்தவன் திரும்பிப் போகவும் இல்லை. மண்ணின் பிரபுக்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கித் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டான். 1086-இல் ஊர் ஊராய் ஆளனுப்பி நிலம், ஏர், மாடு எல்லாவற்றையும் கணக்கெடுத்தான்.

கேட்டு வந்த மன்னன்

இப்போது நம் பக்கம் வருவோம்.

சோழருக்கும் கடாரத்துக்கும் முதலில் நல்ல உறவுதான். முதலாம் இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தர் பள்ளியை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக விட்டான், சிவபக்தனான இராசராசன். அப்படியிருந்தும் 1025-இல் அவன் மகன் இராசேந்திரன் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் எனப் பல துறைகளைத் தாக்கினான். கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்க வர்மனைப் பிடித்து, அவன் செல்வத்தைக் கைப்பற்றியதாகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பேசுகிறது. “கடாரம் கொண்டான்” என்ற பட்டம் அப்போது வந்ததுதான். சீன தேசத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே, கப்பல்கள் போகும் வழியில் அமர்ந்திருந்தது கடாரம். சண்டைக்கு வியாபாரமே முக்கியக் காரணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

இதற்கு 43 வருஷம் கழித்து நடந்ததுதான் நம் கதை. அப்போது சோழ நாட்டை ஆண்டவன் இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன். செங்கற்பட்டுச் சீமையில் பெரும்பேறு என்ற ஊரில் அவனது ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அது சொல்வது மிகச் சுருக்கம். கடாரத்து மன்னன் உதவி கேட்டு வந்தான். சோழன் கடாரத்தை வென்றான். வென்றதை அந்த மன்னனுக்கே திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். காலம் ஏறத்தாழ 1068. ஹேஸ்டிங்ஸ் போர் நடந்து இரண்டே வருஷம்!

வந்தவன் பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை. எதிராளி யார் என்றும் சொல்லவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரு ராஜா தன் நாட்டைப் பிடித்துத் தரச் சொல்லி இன்னொரு ராஜாவிடம் போய் நிற்கிறான் என்றால், அந்த நாடு அப்போது அவன் கையில் இல்லை என்றுதானே அர்த்தம்? தாயாதியோ, கலகக்காரனோ, வேறு எவனோ அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பன் காலத்தில் தன் நாட்டைச் சூறையாடிய அதே சோழர் வீட்டு வாசலில் போய்க் கையேந்த வேண்டிய நிலைமை என்றால், எவ்வளவு நெருக்கடி இருந்திருக்கும்!

கொடுத்தவன் வீட்டிலும் அதே வழக்கு

வில்லியம் பிடித்த நாட்டில் தங்கினான். வீரராசேந்திரன் பிடித்ததைக் கொடுத்தான். உடனே நாம், “பார்த்தீர்களா தமிழன் பெருந்தன்மையை” என்று மீசையை முறுக்க வேண்டாம். கடல் தாண்டிய நாட்டை நேராக ஆள்வதைவிட, தன் தயவில் ஒருவனை உட்கார வைத்து வியாபாரத்தைக் காப்பாற்றிக்கொள்வது சுலபம். அதற்குப் பெயர் கெட்டிக்காரத்தனம்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 1070-இல் வீரராசேந்திரன் இறந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் பட்டத்துக்கு வந்தான். அவனை உட்கார வைக்கவே சகோதரியின் கணவன், சாளுக்கிய விக்கிரமாதித்தன், படையோடு வரவேண்டியிருந்தது என்று பில்கணன் என்ற காஷ்மீரத்துக் கவி எழுதியிருக்கிறான். மச்சான் ஊர் திரும்பிய கொஞ்ச நாளிலேயே கலகத்தில் அதிராசேந்திரன் மாண்டான். அவனுக்குப் பதில் வந்தவன் வேங்கி நாட்டு இளவரசன். கடாரம் கொண்ட இராசேந்திரனின் மகள் அம்மங்காதேவி பெற்ற பிள்ளை. அவன்தான் முதலாம் குலோத்துங்கன். அவனுக்கும் உரிமை தாய்வழிதான்! அடுத்தவன் சிம்மாசன வழக்கைத் தீர்த்துவைத்த வீட்டிலேயே இரண்டு வருஷத்தில் சிம்மாசன வழக்கு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது ராஜாக்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

குலோத்துங்கன் கடாரத்தோடு சமாதானமாகவே போனான். 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் இருவர் வந்து கேட்டுக்கொண்டபடி, நாகப்பட்டினத்துப் புத்தர் பள்ளியின் கிராமங்களுக்கு வரி நீக்கிச் செப்பேடு கொடுத்தான். வாள் போய் வந்த வழியிலேயே வியாபாரமும் வழிபாடும் மறுபடி போய் வந்தன.

நமக்கு என்ன இதனால்?

“நாமெல்லாம் கடாரம் வென்ற பரம்பரை” என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். உண்மையைச் சொன்னால், நம்மில் பெரும்பாலோர் சோழன் கப்பலில் வந்தவர்கள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிக் காடு திருத்த வந்தவர்களின் பிள்ளைகள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறர் நாட்டைத் தாக்கிய பெருமையைவிட, கை காய்த்துப் பிள்ளையைப் படிக்க வைத்த பெருமை ஒரு படி மேல் என்பேன்.

ஆனால் “கூலியாக வந்தவர்கள், இந்த மண்ணில் உங்களுக்கு என்ன இருக்கிறது” என்று யாராவது கேட்டால், தலை குனியவும் தேவையில்லை. தமிழ் பேசும் மனிதர்கள் ஆயிரம் வருஷமாக இந்தக் கரைக்கு வியாபாரியாய், தூதனாய், பக்தனாய் வந்து போயிருக்கிறார்கள். மெர்போக்கில் 1960-இல் திருத்தி எழுப்பிய புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் பாருங்கள். அதைக் கட்டிய கைகளில் இந்த மண்ணின் கைகளும் உண்டு. கடாரம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. மலாய்க்காரப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் அது பொதுச் சொத்து.

பொதுச் சொத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி, வீடு கட்ட நிலம் சீர்செய்தபோது இயந்திரத்தால் இடிக்கப்பட்டது. எத்தனையோ மழையைத் தாங்கிய கல், தன் பெயர் தெரிந்தவர்கள் பக்கத்தில் இல்லாததால் மண்ணானது. பத்திரிகையில் வந்த பிறகுதான் எல்லோரும் பதறினோம்.

ஆகவே பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பினாங்குக்குக் கடை பார்க்கப் போவதற்கு முன் ஒரு நாள் பிள்ளைகளை மெர்போக் அரும்பொருளகத்துக்குக் கூட்டிப் போங்கள். மாணவர்களே, அங்கே பார்த்ததை நோட்டில் எழுதி வையுங்கள். பெரும்பேற்றுக் கல்வெட்டில் யாரோ ஒருவன் சில வரி வெட்டி வைத்ததனால்தானே, அந்தப் பெயர் தெரியாத மன்னனின் கஷ்டம் இத்தனை காலம் கழித்து நமக்குத் தெரிகிறது? எழுதாத சரித்திரம் காற்றோடு போகும். நம் தோட்டங்களின் கதையும் அப்படித்தான். செம்பனைக்காகவும் வீடுகளுக்காகவும் எத்தனையோ பால்மரக் காடுகள் போய்விட்டன. அந்த லயங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டி இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!