நம்மவரும் ஆங்கில எழுத்தும்

செஞ்சிக்கோட்டை 1761-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இதனை நம் பிள்ளைகள் அறிவர். ஆங்கிலமொழி நம்மவரிடம் வந்து சேர்ந்த வரலாற்றையோ அவர்களுக்குச் சொல்வாரில்லை.

சென்னை மாகாணத்தில் நம் முன்னோருள் பலர்க்கு ஆங்கிலம் பள்ளி வழியாக வரவில்லை. துரைமார் வீட்டுச் சமையற்கட்டில் செவி வழியாக வந்தது. அப்பேச்சுக்குப் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று பெயரிட்டு நகைத்தனர். நகைத்தவர்க்குத் தெரியாத செய்தியொன்று உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பனும் ஆரிங்டன் துரையிடம் பட்லராயிருந்தவரே. அவர் வைத்திருந்த திருக்குறள் ஏடே எல்லீசர் கைக்குச் சென்றதெனப் பண்டிதர் எழுதியுள்ளார். ஏடு காத்தவரையா அறிவிலி என்பது?

ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஊகோ ஷூகார்ட் 1891-இல் அப்பேச்சை ஆய்வுக்குரிய பொருளாக எடுத்து எழுதினார். ‘ஐ டெல்லிங்’ என்றால் சொல்வேன். ‘ஐ டன் டெல்’ என்றால் சொல்லிவிட்டேன். அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ‘விட்டேன்’ என்னும் நம் துணைவினையின் வேலையை அங்கே ‘டன்’ செய்ததாகவே எமக்குத் தோன்றுகிறது.

பின்னர் மனுவும் மேடையும் வந்தன. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். பள்ளி ஆசிரியராயிருந்த எம். சி. ராஜா ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றி 1925-இல் ஆங்கிலத்திலேயே நூல் வெளியிட்டார். சமையற்கட்டு ஆங்கிலத்துக்கும் இந்நூலுக்கும் இடையே நின்றது பள்ளிக்கூடம் ஒன்றே.

இன்றைய வகுப்பறைக்கு வருவோம். கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் தெருப் பிள்ளை எடுத்த எடுப்பில் தேசிங்குராஜன் குதிரையைப் பற்றி எழுதுகிறான். மலை மூன்று என்பதும், ராஜகிரியின் உயரமும் கடைசியில் வந்தால் உண்டு. அவன் கேட்டு வளர்ந்த கதைப்பாட்டின் வரிசை அது. விடுப்புக் கடிதத்திலோ காய்ச்சல், பாட்டி வீடு, வராத பேருந்து எல்லாம் முன்னே நிற்கும். கோரிக்கை கடைசி வரியில் வரும். தாலுகா அலுவலகத்தில் கைகட்டி நின்ற குடும்பத்தில் காரணத்தை முழுதும் சொல்லாமல் எதையும் கேட்கும் வழக்கமில்லை. ‘ஏ’, ‘தி’ என்னும் ஆர்டிகிள்கள் விடுபடுவதும், சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ‘அங்கிள்’ ஆவதும் தமிழ் மாணவர் அனைவர்க்கும் பொது. ஆயினும் பிறர் பிள்ளைக்கு ‘கவனக்குறைவு’ என்றும், நம் பிள்ளைக்கு ‘இவனுக்கு ஏறாது’ என்றும் சொல்லும் ஆசிரியர் சிலரை நாம் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்கரான ராபர்ட் கப்லான் பிறமொழி மாணவர்தம் ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்து, கருத்தை அடுக்கும் முறையே பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுகிறது என்று 1966-இல் எழுதினார். நாடுகளை அவர் சில கோட்டுப்படங்களில் அடக்கிவிட்டது மிகையெனப் பின்வந்தோர் மறுத்தனர். எமக்கும் அது மிகையே. பிழையின் வேரைத் தேடச் சொன்ன அளவில் அவர் நமக்குத் துணை.

வேரறிந்தபின் பிழையை அப்படியே விட்டுவிடலாம் என்பதன்று. தேர்வாளர் தேசிங்குக்கு மதிப்பெண் இடார். ஆகவே மாலை வகுப்பில் பிள்ளைகள் கடிதத்தை முதலில் தம் வீட்டு வரிசையில் தமிழில் எழுதட்டும். பிறகு கடைசி வரியைக் கத்தரித்து மேலே ஒட்டி, அந்த வரிசையில் ஆங்கிலத்தில் எழுதட்டும். இதற்குக் கத்தரிக்கோலும் பசையும் போதும்.