மகளுக்கென்று எழுந்த வீடுகள்: மினாங்கபாவ், ஆச்சே மனைக்கட்டு மரபு

மேற்குச் சுமத்திராவின் பாடாங் நகரில் எங்கு திரும்பினாலும் கொம்புக் கூரைதான். விமான நிலையத்தின் மேல், ஆளுநர் அலுவலகத்தின் மேல், வங்கிகளின் மேல், சோற்றுக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் கூட நடுவில் தொய்ந்து இரு முனையும் வானை நோக்கிக் கூர்ந்து எழும் அந்த வளைவு நிற்கிறது. கீழே இருப்பது கான்கிரீட் பெட்டி. மேலே மட்டும் மினாங்கபாவ். கூரை தன் வீட்டைவிட்டுக் கழன்று ஊர் சுற்றத் தொடங்கி வெகுநாளாகிறது. ஆனால் அந்த வீட்டின் சட்டம் கூரையில் எழுதப்பட்டதன்று, தரையில் எழுதப்பட்டது. யாருக்கு அறை உண்டு, யாருக்கு இல்லை, யார் எங்கே படுக்கலாம், எந்த மகள் எப்போது எந்த அறைக்கு நகர வேண்டும் என்பதையெல்லாம் தரைதான் சொல்கிறது. தீவின் வடமுனையில் வாழும் ஆச்சே மக்களின் வீட்டுக்கும் இது பொருந்தும். அங்கே கூரை எளிய இருசரிவுக் கூரை என்பதால் நம் கண் அதில் சிக்கிக்கொள்வதில்லை.

மினாங்கபாவ் மக்களின் தாய்நிலம் மராப்பி எரிமலையைச் சூழ்ந்த மேட்டுநிலம். தானா டாட்டார், ஆகாம், லிமோ புலுவா கோட்டோ என்னும் மூன்று நாடுகளை அவர்கள் தம் மூலநிலமாகக் கொள்கிறார்கள். மலையைவிட்டு இறங்கிய கடற்கரையும் அதற்கப்பாலும் 'ரந்தாவ்'. பிழைக்கப் போகும் இடம். இவர்களும் ஆச்சேயரும் ஷாஃபி வழி நிற்கும் உறுதியான முஸ்லிம்கள். இரண்டு இடத்திலும் வீடு பெண்ணுடையது. ஆனால் அது பெண்ணுடையதாகிற வழி இரண்டு இடத்திலும் வேறு. அந்த வேறுபாடு மரவேலையில் வந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரை காட்ட முயல்வது.

கூரைக் கதையை முதலில் முடித்துவிடலாம். சாவகப் படை வந்தபோது போருக்குப் பதில் எருமைச் சண்டை வைத்துக்கொள்வோம் என்றார்களாம் மினாங்கபாவ் பெரியோர். வந்தவர்கள் ஒரு மாபெரும் எருமையை இறக்கினார்கள். உள்ளூரார் பால்குடி மறவாத கன்றைப் பட்டினி போட்டு, மூக்கில் கூரிய இரும்பைக் கட்டி விட்டார்கள். கன்று தாயென்று நினைத்து மடி தேடி ஓடியது. எருமை குடல் சரிந்து வீழ்ந்தது. அந்த வெற்றியின் நினைவாகக் கூரைக்குக் கொம்பு வந்தது என்பது மரபு. எருமைச் சண்டைக் கதை ஆச்சே கடற்கரையில் எழுந்த பாசாய் அரசர் வரலாற்று நூலிலும் இடம்பெறுகிறது. நல்ல கதைதான். ஆனால் நடுவில் தொய்ந்த சேணக் கூரை வடசுமத்திராவின் பத்தாக் மக்களிடமும் சுலாவெசியின் தொராஜா மக்களிடமும் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தோங்-சோன் வெண்கல முரசுகளிலும் அத்தகைய கூரையுள்ள வீடுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கூரை கதைக்கு மூத்தது.

இனித் தரைக்கு வருவோம். 'ருமா காடாங்' எனப்படும் பெருவீடு நீளவாக்கில் கிடப்பது. தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட கண்களின் எண்ணிக்கையைக் கொண்டு அதை அளக்கிறார்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் வருவது வழக்கம். சூலிட் ஆயர் என்னும் ஊரில் இருபது கண் கொண்டு அறுபது மீட்டருக்கு மேல் நீளும் வீடு ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் முன்பாதி முழுவதும் தடுப்பில்லாத கூடம். கல்யாணம், சாவு, குலத்துப் பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். பின்பாதியில் கண்ணுக்கு ஒன்றாக வரிசையாய்ச் சிறு அறைகள். ஒவ்வோர் அறையும் அந்தக் குலத்தில் மணமான ஒரு பெண்ணுக்கு உரியது. அவள் கணவன் இரவில் வருவான், விடிந்தால் தன் தாய்வீட்டு வயலுக்குப் போவான். அவன் இவ்வீட்டுக்கு மரியாதைக்குரிய விருந்தாளி, அவ்வளவே.

அறைகள் நிலையானவை அல்ல என்பதுதான் இந்த அமைப்பின் நுட்பம். புதிதாக மணமானவளுக்குக் கடைசிக் கண்ணின் அறை கிடைக்கும். அடுத்த தங்கைக்குக் கல்யாணம் என்றால் மூத்தவள் ஓர் அறை நகர வேண்டும். இப்படி நகர்ந்து நகர்ந்து சமையற்கட்டுப் பக்கத்துக்கு வந்து சேரும்போது அவள் கிழவி. அங்கே மணமாகாத பெண்பிள்ளைகளோடு படுத்துக்கொள்வாள். ஒரு பெண்ணின் ஆயுள் ஒரு வீட்டின் நீளத்தில் நடந்து முடிகிறது. அறை போதாவிட்டால் வீட்டை நீட்டலாம், அல்லது மூத்தவளுக்குப் பக்கத்திலேயே தனி வீடு எழுப்பலாம். விற்க மட்டும் முடியாது. அது எந்தத் தனிப் பெண்ணுடையதும் அன்று, தாய்வழிக் குலத்துடையது.

அறை வரிசையில் ஆண்பிள்ளைக்கு இடமில்லை. பத்து வயது நெருங்குவதற்குள் அவன் 'சுராவ்' எனப்படும் தொழுகைக் கூடத்துக்குப் படுக்கப் போய்விடுவான். குர்ஆன் ஓதுவதும் சிலாட் சண்டை பயில்வதும் அங்கே. மனைவியை இழந்தவனும் மணவிலக்குப் பெற்றவனும் திரும்பி வருவதும் அங்கேதான். குலத்தின் சொத்தையும் வழக்கையும் நிருவகிப்பவர் தாய்மாமன். ஆனால் தான் ஆளும் வீட்டில் அவருக்கு ஓர் அறை கிடையாது. மினாங்கபாவ் ஆண்கள் ஊரைவிட்டுப் போவதைப் பண்பாட்டுப் பெருமையாகப் பேசுவோர் இந்தத் தரைப்படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். படுக்க அறையில்லாதவன் பயணம் போவதில் வியப்பென்ன? இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் முகம்மது ஹத்தா, புரட்சியாளர் தான் மலாக்கா, முதல் பிரதமர் சுதான் ஷாரீர் எனப் பலரை அந்தச் சின்ன நாடு வெளியே அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். தாய் மினாங்கபாவ் அல்லாதவன் கதி இன்னும் மோசம். அவனுக்கு எந்தப் பெருவீடும் இல்லை. மார்க்க அறிஞரும் நாவலாசிரியருமான ஹம்கா, 'வான் டெர் வெய்க் கப்பல் மூழ்கியது' என்ற நாவலில் அத்தகைய ஒருவனையே நாயகனாக்கினார்.

எல்லாப் பெருவீடும் ஒரே மாதிரி இல்லை. கோட்டோ பிலியாங் மரபில் வீட்டின் இரு கடைசியிலும் தரை படியாக உயரும். தரம் பார்த்து அமர்த்துவார்கள். போடி சனியாகோ மரபில் தரை முழுவதும் ஒரே மட்டம். பெரியவர் கூடிப் பேசி முடிவெடுக்கும் அரசியல் அது. இரண்டு மரபையும் தோற்றுவித்தவர்கள் ஒரு தாய் வயிற்றுச் சகோதரர்கள் என்கிறது பழங்கதை. முற்றத்தில் நிற்கும் நெற்குதிர்களுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனிக் கடமையும் உண்டு: அன்றாடச் சாப்பாட்டுக்கு ஒன்று, சடங்குக்கும் விருந்துக்கும் ஒன்று, பஞ்ச காலத்துக்கு ஒன்று. முன்சுவர் முழுக்க மரச் செதுக்கு. மாலையில் வரிசையாய் வீடு திரும்பும் வாத்துகள், சுருண்ட பெரணித் தளிர் என்று வயலும் காடும் அதில் ஏறியிருக்கும். பின்சுவரோ பல வீடுகளில் வெறும் மூங்கில் தட்டி.

தூண்களை மண்ணில் புதைப்பதில்லை. தட்டைக் கல்லின் மேல் நிறுத்துகிறார்கள். ஆணியில்லாமல் துளையும் செருகலும் ஆப்புமாக மரங்கள் பிணைந்திருக்கின்றன. வெளித்தூண்கள் மேலே போகப்போக வெளிப்புறம் சாய்கின்றன. அகன்று வரும் சுவரில் மழை தங்காது. நிலம் குலுங்கும்போது வீடு முழுவதும் ஒன்றாக அசைந்து, கல்லின் மேல் சற்று நகர்ந்து நிற்கும். 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங் கரையோரம் 7.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலரைக் கொன்றது செங்கல்லும் கான்கிரீட்டும்.

தாய்வழிச் சொத்தும் இஸ்லாமியப் பாகப்பிரிவினையும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்காதவர் இல்லை. மினாங்கபாவ் மக்களே இருநூறு ஆண்டாகக் கேட்டுச் சண்டையிட்டவர்கள்தாம். 1803ஆம் ஆண்டளவில் மெக்காவிலிருந்து திரும்பிய சீர்திருத்தவாதிகள் தொடங்கிய பாத்ரி இயக்கம் போராக மூண்டு, டச்சுக்காரர் உள்ளே புகுந்து 1837 வரை இழுத்தது. பெருவீடுகள் பல எரிந்தன. 1804இல் மினாங்கபாவ் அரசரின் பாகாருயோங் அரண்மனையும் எரிந்தது. பின்னர் மெக்காவில் இமாமாக இருந்த மினாங்கபாவ் அறிஞர் அகமது காத்தீப், தாய்வழிச் சொத்துரிமையை மார்க்க விரோதம் என்று கடுமையாகத் தாக்கினார். இறுதியில் 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிய மாநாடு நடுவழி கண்டது: மூதாதையர் சொத்து தாய்வழியில் போகட்டும், ஒருவர் தாமே ஈட்டியது மார்க்கச் சட்டப்படி பிரியட்டும். பெருவீடு அந்த முதல் வகையில் தப்பியது. பாகாருயோங் அரண்மனை 1966இல் மீண்டும் தீக்கிரையாகி, மறுபடி எழுப்பப்பட்டு, 2007 பிப்ரவரி 27 அன்று இடி விழுந்து எரிந்தது. இப்போது நிற்பது அதற்கும் பிந்திய கட்டடம்.

ஆச்சே இந்தச் சிக்கலை வேறு விதமாக, இன்னும் சாமர்த்தியமாகத் தீர்த்தது என்பேன். அங்கே தாய்வழிக் குலம் இல்லை. இறந்தவர் சொத்து மார்க்கச் சட்டப்படியே பிரிகிறது. ஆனால் வீடு சாவு வரை காத்திருப்பதில்லை. தந்தை உயிரோடிருக்கும்போதே மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுகிறார்; கொடை என்பதால் பாகத்துக்குள் அது வருவதில்லை. பல மகள்கள் இருந்தால் அதே வளாகத்தில் பக்கம் பக்கமாய் வீடுகள் எழும். காயல்பட்டினத்திலும் மட்டக்களப்புப் பகுதி முஸ்லிம் ஊர்களிலும் வீடு மகளோடு போகும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

'ருமோ ஆச்சே' மூன்று பட்டையாகப் பிரிந்தது. படியேறினால் முன்திண்ணை, ஆண்களும் விருந்தினரும் இருக்கும் இடம். பின்பட்டை பெண்களுடையது, சமையலும் அங்கேயே. இடையில் ஒரு முழமோ இரண்டு முழமோ உயர்ந்த நடுப்பட்டை, அதில் படுக்கையறைகள். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றோர் உள்ளறையைக் காலி செய்து அவளுக்கு விட்டுவிடுவார்கள். நடுப்பட்டைத் தூண்களில் ஒன்று அரசன், ஒன்று இளவரசி. வீடு எழும்போது முதலில் நிற்பவை இவ்விரண்டுமே. வாசல் நிலை தாழ்வு. எவ்வளவு பெரிய மனிதரும் குனிந்தே நுழைய வேண்டும். கூரை முகடு கிழக்கு மேற்காக ஓடுவதால், தொழுகைத் திசை அறியாத வழிப்போக்கனுக்கும் வீடே திசை காட்டும். இரு முனை முக்கோணச் சுவர்களிலும் ஊடுதுளைச் செதுக்கு. காற்று அதன் வழியே புகுந்து போகும். வீட்டடியில் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். கால்மிதி உலக்கை, குதிர், தறி, குழந்தைகளின் ஆட்டம் எல்லாம் அந்த நிழலில்.

ஆச்சே வீடு பிரித்து மாட்டக் கூடியது. ஆப்பைத் தட்டி எடுத்தால் தூணும் உத்திரமும் தனித்தனி. வண்டியேற்றி வேறு ஊரில் நிறுத்தலாம், விற்கவும் செய்யலாம். சவ்வரிசிப் பனை ஓலைக் கூரையைப் பிரம்பால் கட்டியிருப்பார்கள். தீப்பிடித்தால் குறிப்பிட்ட கட்டை வெட்டிவிட்டாலே போதும், கூரை சரிந்து விழுந்து மரச்சட்டம் பிழைக்கும். பெருவீடு குலத்துக்குச் சொந்தமாகையால் நீளத்தான் தெரியும். ஆச்சே வீடு ஒரு மகளுக்குச் சொந்தமாகையால் பெயரவும் தெரியும்.

இவ்வீட்டைத் தூண் தூணாக விவரித்து எழுதிவைத்தவர் டச்சு அரசின் ஆலோசகர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே. 1873இல் தொடங்கிய ஆச்சே போரை வெல்வதற்கான அறிவு தேடி வந்தவர் அவர். அவர் நூல் வெளிவந்த அதே ஆண்டுகளில் அந்த வீடுகளை டச்சுப் படை கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஜேம்ஸ் சீகல் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், 1969இல் வெளியான தம் நூலில், மிளகுத் தோட்டங்களுக்குப் போய்விடும் ஆச்சே ஆண்கள் மனைவி வீட்டில் விருந்தாளிகளாய் இருந்ததைக் காட்டினார். குலமுறை வேறானாலும் முன்திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆணின் நிலை மாறவில்லை.

தமிழருக்கு இந்நிலத்தோடு தொடர்பு உண்டா? உண்டு. 1025இல் முதலாம் இராசேந்திரன் படை சென்ற இடங்களில் மெய்க்கீர்த்தி சொல்லும் இலாமுரிதேசம் ஆச்சே முனையில் இருந்தது. மேற்குக் கரையின் பாருஸ் அருகே திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. மினாங்கபாவ் நாட்டின் சுருவாசோவில் ஆதித்தியவர்மன் என்னும் அரசன் காலத்து நீர்க்கால்வாய்க் கல்வெட்டு இருவகை எழுத்தில் அமைந்தது; அவற்றில் ஒன்று கிரந்தம். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு இவ்வீடுகளில் நம் கைவண்ணம் தேடுவது வீண் வேலை. தூண் மேல் நிற்கும் மரவீடு தென்கிழக்காசியத் தீவுகளின் சொந்த அறிவு.

இன்று பெருவீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. கருநார்க் கூரை போய்த் துத்தநாகத் தகடு வந்து அதுவும் துருவேறிவிட்டது. பெண்களும் கணவரும் தனி வீடு கட்டிக்கொண்டார்கள். பெருவீடு கல்யாணத்துக்கும் சாவுக்கும் திறக்கிறது. அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஓர் அறையில் ஆயுளைக் கழிக்கும்படி யாரையும் கேட்க முடியாது. ஆச்சேயில் நடந்தது வேறு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாய்க் கட்டப்பட்டன. பெரும்பாலானவை 36 சதுர மீட்டர் அளவில், தரையோடு ஒட்டிய செங்கல் வீடுகள். அவசரத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் தூக்கிய தரையும் காற்றோட்டமும் பெண்களுக்கென்ற பின்பட்டையும் அந்த அளவுக்குள் அடங்கவில்லை.

அந்த மரபைச் சரியாகப் புரிந்துகொண்ட புதுக் கட்டடம் ஒன்று உண்டென்றால், கட்டடக் கலைஞர் ரித்வான் காமில் வடிவமைத்து 2009இல் திறக்கப்பட்ட ஆழிப்பேரலை அருங்காட்சியகம்தான். அவர் ருமோ ஆச்சேயின் கூரையை எடுக்கவில்லை. தூண்களை எடுத்தார், தண்ணீர் அடியில் ஓட, மக்கள் மேலே ஏறித் தப்பும்படி கட்டினார். அதே பாண்டா ஆச்சே நகரில், 1914இல் செமாராங் குடியேற்றக் கண்காட்சிக்கென்று செய்யப்பட்ட ருமோ ஆச்சே ஒன்று பிரித்துத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, 1915 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அங்கே போகும் வாசகர்கள் முதலில் 1914 வீட்டின் அடியில் சற்று நடந்து, தூணும் உத்திரமும் சேருமிடத்தில் ஆப்பைப் பார்த்துவிட்டு, பிறகு மற்றதற்குப் போவது நல்லது.