எமான்சிபேஷன்: விடுவித்தவரின் சட்டமும் விடுபட்டவரின் நிலையும்

முன்னுரை

ஆங்கில வரலாற்று நூல்களில் ‘எமான்சிபேஷன்’ ஐயத்துக்கு இடமில்லாத நற்சொல்லாக வழங்குகிறது. அடிமைகள், கத்தோலிக்கர், யூதர், பெண்கள் எனப் பல தரப்பாரின் உரிமைப்பேற்றை அந்த ஒரு சொல்லால் குறிப்பர். ஆனால் சட்ட வழக்கில் அச்சொல்லின் எழுவாய் பெரும்பாலும் உடைமையாளர் அல்லது அரசு. விடுபடுபவர் செயப்படுபொருள் மட்டுமே. விடுவிப்பவரை முன்னிறுத்தும் இந்தப் பார்வைதான், விடுதலையின் விலை யாருக்குப் போய்ச் சேர்வது, விடுபட்டவர் எதற்குக் கட்டுப்படுவது என்பவற்றையும் வகுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மகனை மூன்று முறை விற்றல்

மூலமான இலத்தீன் ‘எமான்சிபாத்தியோ’ அடிமைகளுக்கு உரிய சொல் அன்று. அடிமையை விடுவிப்பது ‘மானுமிசியோ’. தந்தையின் அதிகாரத்திலிருந்து மகனை நீக்குவது எமான்சிபாத்தியோ. மகனைத் தந்தை மூன்று முறை விற்றால் அவன் தந்தையிடமிருந்து விடுபடுவான் என்றது கி.மு. 5ஆம் நூற்றாண்டு உரோமின் பன்னிரு பட்டயச் சட்டம். அந்த விதியைப் பிற்காலத்தார் விடுவிக்கும் முறையாகவே ஆக்கிக்கொண்டனர். வயதுவந்த உரோமக் குடிமக்கள் ஐவர் சாட்சி நிற்பர். இன்னொருவர் தராசைப் பிடிப்பார். தந்தையின் நம்பிக்கைக்குரிய ஒருவர் மகனைப் பற்றித் தம் உடைமை என அறிவித்து, வெண்கலத் துண்டால் தராசைத் தட்டி, அதையே விலையாகக் கொடுப்பார். பிறகு அவனை விடுவிப்பார்; மகன் மீண்டும் தந்தையின் அதிகாரத்துக்குள் வந்துவிடுவான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் விற்பனையில்தான் கட்டு அறும்.

அதன்பின்னும் வாங்கியவர் மகனைத் தந்தைக்கே திருப்பி விற்பது வழக்கம். தந்தை தம் கையாலேயே விடுவித்தால்தான் மகனின் சொத்தில் அவருக்கு வாரிசுரிமை நிற்கும். மகனோ பழைய குடிமைச் சட்டப்படி தந்தை வழிப் பங்கை இழந்தான். விடுவித்தவருக்கு உரிமை எஞ்சியது; விடுபட்டவருக்கு இழப்பு நேர்ந்தது.

இழப்பீடு யாருக்கு?

1833ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அடிமை ஒழிப்புச் சட்டத்தின் முழுத்தலைப்பே அதன் உள்ளக்கிடக்கையைச் சொல்லிவிடும். அடிமைமுறையை ஒழித்தல், விடுவிக்கப்பட்டவர்களின் உழைப்பை ஊக்குவித்தல், அவர்களின் பணிக்கு அதுவரை உரிமை கொண்டாடியோருக்கு ஈடு வழங்குதல் என மூன்று நோக்கங்களை அது அடுக்குகிறது. ஈட்டுத்தொகை 2 கோடி பவுன். அதில் உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. மாறாக, 1834 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் பழைய எசமானர்களிடமே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. வயல்வேலை செய்தோருக்கு இது 6 ஆண்டு, மற்றவர்க்கு 4 ஆண்டு என வரையறுக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் 1838 ஆகஸ்ட் 1 அன்றே அம்முறை முடிவுக்கு வந்தது. கரீபியத் தீவான அன்டிகுவா இந்த இடைக்காலமே வேண்டாமென்று 1834இலேயே முழு விடுதலை அளித்தது. ஆகவே, பயிற்சிக்காலம் தவிர்க்க முடியாத ஏற்பாடு என்று வாதிட இடமில்லை.

உடைமையாளரின் ஒப்பம்

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸ் 1838இல் மேரிலாந்திலிருந்து தப்பினார். எட்டாண்டு சுதந்திர மனிதராக வாழ்ந்து, தன்வரலாறு எழுதிப் புகழும் பெற்றார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னொருவரின் சொத்து. 1846இல் பிரிட்டனில் இருந்த ஆதரவாளர்கள் பணம் திரட்டி உடைமையாளர் ஹியூ ஆல்டுக்குக் கொடுத்த பிறகே விடுவிப்புப் பத்திரம் எழுதப்பட்டது. விலை கொடுப்பது மனிதரை உடைமையாக ஏற்பதாகும் என்று அடிமை ஒழிப்பாளரிலேயே சிலர் கண்டித்தனர். டக்ளஸ் அந்தப் பேரத்தை நியாயப்படுத்தி எழுதினார். தன்னைத் தானே விடுவித்துக்கொண்டவருக்கும் உடைமையாளரின் ஒப்பம் தேவைப்பட்டது என்பதே இங்கு நம் கவனத்துக்குரியது.

ஒரு மறுப்பு

வேர்ச்சொல்லை வைத்து இன்றைய பொருளை அளக்கலாமா என்று கேட்கலாம். அளக்கக் கூடாது. உள்ளத்தை அடிமைத்தளையிலிருந்து தாமே விடுவித்துக்கொள்ளுமாறு 1937இல் கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி பேசியபோது, எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே ஆயினர். சொல் மாறக்கூடியது. ஆனால் இவ்வாதம் வேர்ச்சொல்லை நம்பி நிற்கவில்லை. பணம் யாருக்குப் போனது, பத்திரத்தில் யார் ஒப்பமிட்டார் என்னும் சான்றுகளின்மேல் நிற்கிறது.

1843உம் 1976உம்

1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளை விலக்கி வைத்தது. இந்தியாவுக்கென 1843இல் வந்த ஐந்தாம் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை. மனிதர்மீதான உடைமையுரிமையை நீதிமன்றங்கள் செல்லுபடியாக்கக் கூடாது, வரிப்பாக்கிக்காக அதிகாரிகள் ஆட்களை விற்கக் கூடாது என்பனவே அதன் முக்கிய விதிகள். ஈட்டுத்தொகை இல்லை, நிலமும் இல்லை. தஞ்சை மிராசுதாரிடம் கடன்பட்ட பண்ணையாள் அதே சேரியில், அதே வயலில் தொடர்ந்தார். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் (1976) வேறு திசையில் சென்றது. உழைப்பவரின் கொத்தடிமைக் கடனை அது அறவே நீக்கியது. அக்கடனுக்காகப் பணம் வாங்குவதைக் குற்றமாக்கியது. குடியிருக்கும் இடத்திலிருந்து அவரை வெளியேற்றவும் தடை விதித்தது. நடைமுறையில் எத்தனை குறைகள் இருப்பினும், விடுபடுபவரின் நிலையிலிருந்து விடுதலையை எண்ணிய சட்டம் அது.

முடிவுரை

1834ஐக் கரீபியத் தீவுகளின் விடுதலை ஆண்டென்றும், 1843ஐ இந்திய அடிமை ஒழிப்பு ஆண்டென்றும் பாடநூல்கள் ஒரே மூச்சில் எழுதுவது திருத்தப்பட வேண்டும். அன்டிகுவா போன்ற விதிவிலக்குகள் நீங்கலாக, முன்னது கூலியில்லா உழைப்பின் தொடர்ச்சி; பின்னது நீதிமன்ற ஏற்பு நீங்கியதன் தொடக்கம். விடுவிப்புச் சட்டம் ஒவ்வொன்றையும் கடன், கூலி, குடியிருப்பு ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பிடுவதே ஆய்வாளர் கொள்ளத்தக்க முறை.