கனடா குடியேற்றம்: மருத்துவப் பரிசோதனைக்கு முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: கரமனை உள்ளிட்ட நகர்ப் பகுதிகளிலிருந்து கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிப்போருக்குக் குடும்ப மருத்துவரின் சான்றிதழ் போதாது. கனடா குடியேற்றத் துறையின் பட்டியலில் உள்ள மருத்துவரிடமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், முந்தைய சிகிச்சை அறிக்கைகள் ஆகியவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும். பழைய நோய்களை மறைத்தல் கூடாது.

உடற்பரிசோதனையுடன், 11 வயது நிரம்பியோருக்கு மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கப்படும். கர்ப்பிணிகள் எக்ஸ்ரேயைப் பிரசவத்துக்குப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் அதனால் விண்ணப்பப் பரிசீலனை தாமதமாகும். தொற்றும் நிலையிலான காசநோய் கண்டறியப்பட்டால், சிகிச்சை முடிந்த பின்னரே மருத்துவ ஒப்புதல் கிடைக்கும்.

பரிசோதனை முடிவு 12 மாதங்களுக்குச் செல்லும். இறுதி முடிவெடுப்பது பரிசோதிக்கும் மருத்துவர் அல்லர், குடியேற்றத் துறையே.