பிரேக் மாற்றும் செலவு: கராஜில் கவனிக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடையில் ரூபாயும் சரிந்ததால் இலங்கையில் கார்கள் பழசாகின. உதிரிப்பாகங்களின் விலையோ ஏறியது. அதனால் பிரேக் வேலையைத் தள்ளிப்போடுவோர் பலர். ஆபத்து ஒருபுறமிருக்க, செலவும் அதனாலேயே கூடுகிறது. பாட் முழுதாகத் தேய்ந்தால் அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அரித்துவிடும்.

புதிய பாட் சுமார் 10 மில்லிமீற்றர் தடிப்பானது. 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும். இடது, வலது சில்லுகள் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுவது முறை. இல்லையேல் பிரேக் ஒருபக்கம் இழுக்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ‘டிஸ்க்கும் போய்விட்டது’ என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நல்ல கராஜ், பாட், கூலி, பிரேக் ஓயில் எனப் பிரித்து முன்கூட்டியே விலை சொல்லும். கழற்றிய பழைய பாட்டையும் புதியதன் பெட்டியையும் கேட்காமலே காட்டும். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட அதுவே ஆதாரம்.